விலங்கு எலும்புக் கொலாஜன்: எலும்புப்புரை நோய்க்கு எந்த அளவுக்கு உதவும்?

தியாகராய நகரின் மருந்துக் கடைகளிலும் இணையவழி விற்பனைத் தளங்களிலும் கொலாஜன் தூள் இன்று எளிதாகக் கிடைக்கிறது. தோல் பொலிவுக்காகவும் முடி வளர்ச்சிக்காகவும் இளையோர் வாங்கிவந்த இப்பொருள், "எலும்பு வலிமைக்கு" என்ற விளம்பரத்துடன் இப்போது முதியோரையும் எட்டியுள்ளது. மாதவிடாய் நின்ற பெண்களும், முதிய பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைகளும் புறநோயாளிகள் பிரிவில் இதுபற்றி அடிக்கடி கேட்கின்றனர். "மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடிக்கலாமா?" என்பதே பெரும்பாலானோரின் கேள்வி.

சுருக்கமான விடை இதுதான்: கொலாஜன் தூள் எலும்பு அடர்த்தியைச் சிறிதளவு உயர்த்தக்கூடும் எனச் சில சிறிய ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆனால் அது எலும்பு முறிவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எனவே அதை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. இவ்விடைக்கான காரணங்களையும், நீங்கள் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகளையும் கீழே காணலாம்.

எலும்பில் கொலாஜனின் இடம்

எலும்பு வெறும் சுண்ணாம்புக் கட்டி அன்று. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் பொருள். எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் புரதம். கட்டடத்தில் கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து நிற்பதுபோல, கொலாஜன் இழைகள் எலும்புக்கு வளைந்துகொடுக்கும் தன்மையையும், தாதுக்கள் கடினத் தன்மையையும் தருகின்றன. இவ்விரண்டும் குறைந்து, எலும்பின் உள்ளமைப்பு நலிந்து, சிறு அதிர்ச்சிக்கும் முறியும் நிலையே ஆஸ்டியோபோரோசிஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் எலும்புப்புரை நோய்.

கொலாஜனின் வடிவத்தை உலகுக்கு விளக்கியதில் சென்னைக்குத் தனிச் சிறப்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரைகளில், கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது என்பதை எடுத்துரைத்தனர். அக்கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலம் அமைந்திருக்கும். மூன்று இழைகள் நெருங்கிப் பின்னிக்கொள்ள அந்தச் சிறு அமிலமே இடம் தருகிறது.

இக்கட்டமைப்பு நமது கேள்விக்கும் தொடர்புடையது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அதற்கடுத்து மிகுந்திருப்பவை புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும். உடலால் தயாரிக்க முடியாத, உணவிலிருந்தே பெறவேண்டிய டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலம் இதில் இல்லை. ஆகவே கொலாஜன் முழுமையான புரதம் அன்று. பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் இடத்தை அது நிரப்பாது.

எலும்பிலிருந்து தூள் வரை

விற்பனையில் உள்ள கொலாஜன் மாடு, பன்றி, கோழி, மீன் ஆகியவற்றின் எலும்பு, தோல், செதில் முதலியவற்றிலிருந்து பெறப்படுகிறது. எலும்பிலிருந்து எடுக்கும் முறையை அறிந்துகொள்வது பயன் தரும். நொறுக்கிய எலும்பை முதலில் நீர்த்த அமிலத்தில் ஊறவைக்கின்றனர். அப்போது கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சும் மென்மையான பகுதியைப் பதப்படுத்தி, வெந்நீரில் வடித்தால் ஜெலட்டின் கிடைக்கும். ஜெலட்டினை நொதிகளால் மேலும் சிறு துண்டுகளாக்கினால் கொலாஜன் பெப்டைடு எனப்படும், நீரில் எளிதில் கரையும் தூள் உருவாகும்.

இதனால் ஓர் உண்மை தெளிவாகிறது. எலும்பிலிருந்து வந்த பொருள் என்பதால் அதில் கால்சியம் நிறைந்திருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், எலும்பின் கால்சியத்தை நீக்கிய பிறகே கொலாஜன் கிடைக்கிறது. தயாரிப்பாளர் தனியாகக் கால்சியம் சேர்த்திருந்தாலன்றி, அத்தூள் உங்கள் அன்றாடக் கால்சியத் தேவையை நிறைவு செய்யாது.

உட்கொண்ட கொலாஜன் என்ன ஆகிறது?

நாம் உட்கொள்ளும் கொலாஜன் அப்படியே எலும்பில் சென்று படிவதில்லை. மற்றப் புரதங்களைப் போலவே இரைப்பையிலும் சிறுகுடலிலும் அது சிதைக்கப்படுகிறது. பெரும்பகுதி தனி அமினோ அமிலங்களாகவும், ஒரு பகுதி இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு துண்டுகளாகவும் இரத்தத்தில் கலக்கிறது. இச்சிறு துண்டுகள் எலும்பை உருவாக்கும் செல்களைத் தூண்டக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சினைப்பை அகற்றப்பட்ட எலிகளில் கொலாஜன் பெப்டைடு எலும்பு இழப்பைக் குறைத்ததாக ஆய்வுகள் உள்ளன. ஆனால் எலியில் கிடைத்த பயன் மனிதருக்கும் கிடைக்கும் என்று நாமாகவே முடிவு செய்ய இயலாது.

மற்றொரு குழப்பத்தையும் இங்கே நீக்குவது நல்லது. தீப்புண்ணுக்கும் ஆறாப் புண்ணுக்கும் மருத்துவமனைகளில் கொலாஜன் படலத்தால் கட்டுப் போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறையில் பணியாற்றியுள்ளது. அங்கே கொலாஜன் புண்ணின் மேல் நேரடியாக வைக்கப்படுகிறது; செரிமானத்திற்கு உள்ளாவதில்லை. அதன் பயனைக் காட்டி, வாய்வழி உட்கொள்ளும் தூளும் அவ்வாறே செயல்படும் என்று கூறுவது பொருந்தாது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் கூறுவன

இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது, ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வு. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 131 பெண்கள் அதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் 5 கிராம் கொலாஜன் பெப்டைடும், மற்றொரு பிரிவினர் அதே தோற்றமுடைய வெற்றுத் தூளும் 12 மாதங்கள் உட்கொண்டனர். இறுதிவரை தொடர்ந்தவர்கள் 102 பேர். கொலாஜன் பெற்றவர்களின் முதுகெலும்பிலும் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியிலும் அடர்த்தியைக் குறிக்கும் டி-ஸ்கோர் சராசரியாக ஏறத்தாழ 0.1 அளவு உயர்ந்தது. வெற்றுத் தூள் பெற்றவர்களிடம் அவ்வுயர்வு இல்லை.

இது ஊக்கமளிக்கும் முடிவே. ஆயினும் 0.1 என்பது எவ்வளவு என்பதையும் உணர வேண்டும். டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வரையறுத்தது. -3.0 உள்ள ஒருவர் -2.9 ஆக உயர்ந்தாலும் அவர் நோய் எல்லைக்குள்ளேயே இருக்கிறார். அந்த ஆய்வில் பங்கேற்றோரில் 31 பெண்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021 இல் வெளியிட்ட அறிக்கை, அடர்த்தி மேலும் உயர்ந்ததாகக் கூறுகிறது. ஆனால் அதில் ஒப்பிடுவதற்கு வெற்றுத் தூள் பிரிவு இல்லை. எனவே உயர்வுக்குக் கொலாஜன்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மாறான முடிவும் உண்டு. எலும்பு அடர்த்தி குறைந்த 71 பெண்களிடம் நாள்தோறும் 10 கிராம் வீதம் 24 வாரங்கள் கொடுத்து நடத்தி, 2010 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எலும்பு வளர்சிதை மாற்றத்தைக் காட்டும் இரத்தக் குறியீடுகளில் கொலாஜனால் பயன் எதுவும் காணப்படவில்லை. மூட்டு நலத்திற்குக் கொலாஜன் உதவும் என்ற விளம்பர வாசகத்தை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011 இல் ஆராய்ந்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று தெரிவித்தது.

மருந்துகளுடன் ஒப்பிட்டால்

எலும்புப்புரை சிகிச்சையின் நோக்கம் ஸ்கேன் அறிக்கையில் எண்ணை உயர்த்துவது மட்டுமன்று. இடுப்பும் முதுகெலும்பும் முறியாமல் காப்பதே. அதற்கான சான்று மருந்துகளுக்கு உண்டு.

முன்னரே முதுகெலும்பு முறிவு கண்ட 2,027 பெண்களிடம் அலென்ட்ரோனேட் மாத்திரையைச் சோதித்த ஆய்வு 1996 இல் வெளியானது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 100 பேருக்கு 15 பேரிடமும், மருந்து பெற்றவர்களில் 8 பேரிடமும் காணப்பட்டது. இடுப்பெலும்பு முறிவு 1,000 பேருக்கு 22 இலிருந்து 11 ஆகக் குறைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே செலுத்தும் சோலெட்ரானிக் அமிலத்தை 7,700 க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்து 2007 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவு 70 விழுக்காடும் இடுப்பு முறிவு 41 விழுக்காடும் குறைந்தன.

மேலே கூறிய கொலாஜன் ஆய்வுகள் எலும்பு முறிவுகளை எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் பெரியவை அல்ல. இதனால் கொலாஜன் தீங்கானது என்று பொருளாகாது. ஏற்கெனவே ஒருமுறை எலும்பு முறிந்த ஒருவர், மருந்தை நிறுத்திவிட்டுக் கொலாஜனை நம்பிக் காத்திருக்கும் ஓராண்டில் அடுத்த முறிவு நேரக்கூடும் என்பதே இங்குள்ள ஆபத்து. முதியவருக்கு இடுப்பு முறிந்தால் அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, நுரையீரல் தொற்று, பிறரைச் சார்ந்து வாழும் நிலை என அடுத்தடுத்துத் துன்பங்கள் தொடரும்.

குறிப்பாக, ஆறு மாதத்திற்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி பெறுபவர்கள் அடுத்த தவணையைத் தள்ளிப்போடவோ தாமாக நிறுத்தவோ கூடாது. நிறுத்திய சில மாதங்களிலேயே எலும்பு விரைவாக நலிந்து, முதுகெலும்புகள் பல ஒரே காலத்தில் முறியும் அபாயம் உண்டு. நிறுத்த வேண்டுமெனில், மாற்று மருந்தை மருத்துவர் திட்டமிட்டே தொடங்க வேண்டும்.

ஆட்டுக்கால் சூப் போதுமா?

எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். சூப் ஆறியதும் கூழ்போல் உறைவதற்குக் காரணம், எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறி நீரில் கலந்திருப்பதே. ஆனால் எலும்பின் தாதுப் பொருள் கொதிநீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே சூப்பில் கால்சியம் மிகக் குறைவு. உப்பும் கொழுப்பும் அளவோடு இருந்தால் அதை உணவாக அருந்தலாம். சிகிச்சையாகக் கருத வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை. இதைக் குறைந்த செலவில் வீட்டு உணவிலேயே பெருமளவு பெறலாம். 400 மில்லி லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 470 மில்லிகிராம், 50 கிராம் கேழ்வரகு மாவில் 180 மில்லிகிராம், 50 கிராம் முருங்கைக்கீரையில் 155 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. இம்மூன்றிலேயே 800 மில்லிகிராம் கிடைத்துவிடும். எள், எலும்போடு உண்ணும் நெத்திலி போன்ற சிறுமீன், தயிர் ஆகியவை மீதியை நிரப்ப உதவும். உணவில் போதாத அளவுக்கு மட்டும் மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது.

புரதமும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு கரண்டி கொலாஜனில் கிடைக்கும் 5 கிராம், அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதுவும் முழுமையற்ற புரதம். வெயில் மிகுந்த சென்னையிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாகக் காணப்படுவதால், அதன் அளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால்

மருந்தும் சரியான உணவும் தொடரும் நிலையில், கூடுதலாகக் கொலாஜன் எடுத்துக்கொள்ள விரும்பினால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. மருந்து, பால், முட்டை, பருப்பு ஆகியவற்றுக்கான செலவைக் குறைத்து இதை வாங்க வேண்டாம். ஒரு மாதத்திற்கு ஆகும் தொகையை முதலில் கணக்கிடுங்கள்.

2. இந்தியாவில் இது மருந்தாக அன்றி, உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகிறது. உறையில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று என்ற எச்சரிக்கையும் உள்ளனவா என்று பாருங்கள். "எலும்புப்புரையைக் குணப்படுத்தும்" என்று கூறும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

3. கொலாஜன் இயற்கையில் விலங்குகளிடமிருந்தே பெறப்படுகிறது. பழுப்புநிறச் சதுரத்திற்குள் முக்கோணம் இருந்தால் அது அசைவப் பொருள். மாம்பலம், தியாகராய நகர்ப் பகுதிகளில் சைவ உணவு முறையைக் கடைப்பிடிக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் இக்குறியைப் பார்த்து முடிவு செய்யலாம். "தாவரக் கொலாஜன்" என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் வைட்டமின் சி போன்றவை அடங்கிய கலவைகளே. கொலாஜன் உட்கொள்ளாததால் சைவ உணவினரின் சிகிச்சையில் எக்குறையும் நேராது.

4. மீன் அல்லது மாட்டிறைச்சி ஒவ்வாமை உள்ளவர்கள் மூலப்பொருள் எது என்பதைப் படித்தறிய வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களும், சிறுநீரகக் கல் வந்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது.

காலைக் காபியும் வார மாத்திரையும்

கொலாஜன் தூளைக் காலைக் காபியில் கலந்து குடிக்கும் வழக்கம் பரவி வருகிறது. வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அம்மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதன்பின் குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல், வேறெதுவும் உண்ணாமல், பருகாமல் இருக்க வேண்டும். காபி, பால், கொலாஜன், கால்சியம் மாத்திரை எதுவாயினும் உடன் சேர்ந்தால் மருந்து உடலில் ஏறாது. நீங்கள் மருந்து உட்கொண்டும் உட்கொள்ளாதவர் ஆவீர்கள். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள், கால்சியம் சேர்த்த கொலாஜன் கலவையை நான்கு மணி நேரம் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்குப் பரிசோதனை தேவை?

65 வயதைக் கடந்த பெண்களும் 70 வயதைக் கடந்த ஆண்களும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், மூன்று மாதங்களுக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர்கள், முடக்குவாத நோயாளிகள், மிகக் குறைந்த எடையுள்ளவர்கள், பெற்றோருக்கு இடுப்பு முறிவு நேர்ந்தவர்கள் ஆகியோர் அதற்கு முன்னரே கேட்பது நல்லது. நின்ற நிலையில் தடுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்திருந்தால், அதுவே எலும்பு வலுவிழந்ததன் அடையாளம். உயரம் நான்கு சென்டிமீட்டர் குறைதல், முதுகு கூனுதல், காரணமின்றித் திடீரென முதுகு வலித்தல் ஆகியவற்றையும் முதுமையின் இயல்பு என்று விட்டுவிட வேண்டாம்.

விழாமல் காப்பதும் சிகிச்சையே

இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதாலேயே நேர்கின்றன. ஈரமான குளியலறைத் தரை, வெளிச்சம் குறைந்த மாடிப்படி, வழியில் சுருண்டு கிடக்கும் மிதியடி, இரவில் தூக்க மாத்திரையின் மயக்கம் ஆகியவற்றைப் பராமரிப்போர் முதலில் சரிசெய்ய வேண்டும். கழிவறையில் பிடிமானக் கம்பி பொருத்துவதற்கு ஆகும் செலவு ஒருமுறை மட்டுமே. ரங்கநாதன் தெருவின் நெரிசல் நேரத்தை முதியோர் தவிர்ப்பது நல்லது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையை, அந்த நெரிசலைக் கடக்கப் பயன்படுத்தலாம்.

எலும்பு தன்மீது சுமை ஏறும்போதே வலுப்பெறுகிறது. 2019 இல் அகலப்படுத்தப்பட்ட பாண்டி பஜார் நடைபாதையும், பனகல் பூங்கா, நடேசன் பூங்கா ஆகியவையும் காலை நடைக்கு ஏற்றவை. நடையுடன், நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமரும் பயிற்சியையும், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியையும் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். நடமாட இயலாதவர்கள், 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வாயிலாக வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெற வழியுண்டு.

விழுந்தவர் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால், உருவிவிடவோ நாட்டுக்கட்டுப் போடவோ வேண்டாம். அசைக்காமல் 108 ஐ அழையுங்கள். இடுப்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை இயன்றவரை 48 மணி நேரத்திற்குள் நடப்பது உயிரைக் காக்க உதவும்.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது

எலும்பு அடர்த்தி அறிக்கை, இப்போது உட்கொள்ளும் மருந்துகள், வாங்கிய அல்லது வாங்க எண்ணும் கொலாஜன் டப்பா ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுங்கள். "எனக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு உள்ளது? அதைக் குறைக்க எனக்கு ஏற்ற மருந்து எது?" என்ற இரு கேள்விகளை முதலில் கேளுங்கள். கொலாஜன் பற்றிய கேள்வியை அதன் பிறகு கேட்கலாம். தியாகராய நகர்ப் பகுதியினருக்கு இராயப்பேட்டை அரசு மருத்துவமனையும், முதியோருக்கென 2024 பிப்ரவரி மாதம் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் அருகில் உள்ளன. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.